உறைகிற எண்ணெய்க்கு எந்த ஃபில்டர்?

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும். கடையில் ‘ஹீட்டர் வைத்த டீசல் ஃபில்டர்’ என்று எடுத்துக் கொடுப்பார்களே, அவற்றில் பலவற்றின் தெர்மோஸ்டாட் 5 முதல் 10 டிகிரி குளிர் வந்தால்தான் ஹீட்டரைப் போடும். சாந்தன்பாறையில் ஒரு சாதாரண ஜனவரி விடியற்காலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். ஃபில்டருக்குள் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக நிற்கும். ஹீட்டரோ இன்னும் குளிரவில்லையே என்று சும்மா இருக்கும். தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓட்ட வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விலை, பிராண்டு, மைக்ரான் எல்லாம் அப்புறம். ஹீட்டர் எந்த டிகிரியில் எரியும், எந்த டிகிரியில் அணையும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொப்பரை ஆட்டும் சின்ன மில். மச்சினனுக்குச் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டம். இரண்டு இடத்திலும் பழைய காலத்து ஜெனரேட்டர்கள். பாலக்காட்டு ஜில்லாவின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பிரதேசம். ஏப்ரலில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். உடுமலை வழியாகச் சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, மறையூர், மூணாறு என்று ஏறி சாந்தன்பாறைக்குப் போனால் ஒரே பகலில் பருவமே மாறிவிடும். மூணாறில் சில ஜனவரிகளில் புல் மேல் உறைபனி விழுகிறது. கீழே மில்லில் எந்தத் தொந்தரவும் தராத ஒரு ஏற்பாடு மேலே ஏலத்தோட்டத்தில் ஏன் அழிச்சாட்டியம் செய்கிறது என்பதை ஆராய்ந்தபோதுதான் ஃபில்டரைப் பற்றி நான் அறிந்ததில் பாதி வந்து சேர்ந்தது.

“மாமா, ஹோஸ்ல எண்ணெய் இருக்கு, டேங்க்ல எண்ணெய் இருக்கு, எஞ்சின்தான் குடிக்க மாட்டேங்குது” என்று மச்சினன் போனில் சொல்வான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஹோஸில் இருந்தது எண்ணெய்தான், ஆனால் மெழுகுவர்த்தி போல.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுமா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. அதைப் பின்னாளில் ருடால்ஃப் டீசலே எழுதியிருக்கிறார். நமக்குப் பக்கத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா 1990களின் இறுதியில் கக்கனஹள்ளி என்ற கர்நாடகக் கிராமத்தில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர்களை ஓட்டிக் காட்டினார். அந்த மின்சாரத்தில் பாசனப் பம்புகள் ஓடின. பாப்புவா நியூகினியின் பூகன்வில் தீவில் 1990களில் முற்றுகையால் டீசல் நின்றுபோனபோது, மக்கள் தேங்காய் எண்ணெய் காய்ச்சி வண்டிகளை ஓட்டினார்கள். எஞ்சின் ஓடும் என்பதில் சண்டையில்லை. கவனிக்க வேண்டியது ஊரின் வெப்பத்தை. அந்தத் தீவின் கடலோரத்தில் தேங்காய் எண்ணெய் உறையச் சந்தர்ப்பமே குறைவு. புங்க எண்ணெய் 20 டிகிரியில் கட்டிக்கொள்ளாது. ஜெர்மனியில் ரேப்சீட் எண்ணெயை எரிபொருளாகப் பயன்படுத்தத் தனித் தரநிர்ணயமே உண்டு. அந்த எண்ணெய் பனிக்காலத்திலும் திரவமாக இருக்கக்கூடியது. எஞ்சினை எண்ணெய்க்கு மாற்ற அங்கிருந்து வரும் கருவிகளும் அவற்றின் ஃபில்டர்களும் அந்த எண்ணெயை மனதில் வைத்துச் செய்தவை. அங்கே ஃபில்டரைச் சூடாக்குவது எண்ணெயை இளக்க. ஏலமலையில் தேங்காய் எண்ணெய்க்கு அதே வேலை, உருக்குவது. இரண்டும் வேறு வேறு.

எவ்வளவு வேறு என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 2 கிலோஜூல் வேண்டும். உறைந்த ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை உருக்க மட்டும் சுமார் 100 கிலோஜூல். அதாவது உருக்குவதற்கு ஆகிற சூட்டில், உருகிய எண்ணெயை இன்னும் 50 டிகிரி ஏற்றிவிடலாம். ஒரு லிட்டர் பிடிக்கிற ஃபில்டரில் 15 டிகிரியில் கட்டியாக நிற்கும் எண்ணெயை 60 டிகிரிக்குக் கொண்டுவர, 150 வாட் ஹீட்டருக்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதுவும் காற்றுக்கும் இரும்புக்கும் போகிற சூட்டைச் சேர்க்காமல். விளம்பரத்தில் ‘இரண்டு நிமிடத்தில் தயார்’ என்று போட்டிருந்தால் அது திரவமாக இருக்கும் எண்ணெய்க்குப் போட்ட கணக்கு.

சரி, ஃபில்டர் உருகிவிட்டது, அப்புறம்? டேங்க்கிலிருந்து வரும் எண்ணெயும் கட்டி, நடுவில் உள்ள ஹோஸும் கட்டி. சூடான ஃபில்டர் மட்டும் இருந்து என்ன செய்ய? எங்கள் பக்கத்துக் குளிரில் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலை டேங்க்கிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணெய் டேங்க்குக்குள் உறிஞ்சு குழாயைச் சுற்றி எஞ்சின் தண்ணீர் ஓடும் ஒரு சுருள் குழாய், அங்கிருந்து ஃபில்டர் வரை எண்ணெய்க் குழாயும் சுடுதண்ணீர்க் குழாயும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிய உறை, கடைசியாகத்தான் ஃபில்டர். உருக்கும் பாரம் டேங்க்குக்கு, 70 டிகிரிக்கு ஏற்றும் பாரம் ஃபில்டருக்கு என்று பிரித்துவிட்டால் சாதாரண ஃபில்டரே போதும். மணிக்கு 3 லிட்டர் குடிக்கிற ஜெனரேட்டரில், 25 டிகிரியில் திரவமாக வந்து சேரும் எண்ணெயை 70க்கு ஏற்றத் தேவைப்படுவது 70 வாட் அளவுதான். அதே எண்ணெய் 15 டிகிரியில் கட்டியாக வந்தால் 160 வாட்.

ஏன் 70 டிகிரி? தேங்காய் எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரியில் 27 செண்டிஸ்டோக் அளவில் இருக்கிறது. டீசலுக்கு இந்தியத் தரம் அதே 40 டிகிரியில் 2 முதல் 4.5 வரை. எண்ணெயை 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் 8, 9க்கு இறங்குகிறது. அப்போதும் டீசலைவிட இரண்டு மடங்கு தடிப்புதான், ஆனால் நாசில் அதைத் தூறலாகப் பிரித்துவிடும். 70க்குக் கீழே இருந்தால், தாரையாகப் பாய்ந்து பிஸ்டன் தலையில் கரியாகப் படியும். ரிங் ஒட்டிக்கொள்ளும். அதனால் தெர்மோமீட்டர் முனையை ஃபில்டர் உடம்பில் ஒட்டாதீர்கள். ஃபில்டரைவிட்டு எண்ணெய் வெளியேறும் வாயில் வையுங்கள். உடம்பு 80 காட்டும்போது உள்ளே ஓடும் எண்ணெய் 45இல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி சூடு எங்கிருந்து வருகிறது என்பது. ஃபில்டர் வாங்குவதற்கு முன்பு எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் உள்ள எஞ்சினில் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் நிலையாக நிற்கும். இதற்குச் சுடுதண்ணீர் ஓடும் ஃபில்டர் தலையே உத்தமம்; மின்சாரம் வேண்டாம், எண்ணெய் கருகாது, தண்ணீரின் சூட்டைத் தாண்டி எண்ணெய் ஒருநாளும் போகாது. ஆனால் தோட்டங்களில் இன்னும் ஓடுகிற மெதுவோட்டப் பம்புசெட்டுகள் பலவற்றில், கிணற்றுத் தண்ணீரையே எஞ்சினுக்குள் விட்டு வாய்க்காலில் வெளியேற்றுவார்கள். அந்தத் தண்ணீரில் கை கழுவலாம், எண்ணெய் சூடேற்ற முடியாது. தண்ணீரின் அளவைக் குறைத்து வெப்பத்தை ஏற்றலாம் என்று சிலர் வால்வைத் திருகுவார்கள். எஞ்சின் தலை வெடிப்பு விடுவதற்கு அது சுருக்கு வழி. காற்றில் குளிரும் எஞ்சின்களில் தண்ணீரே கிடையாது. அங்கே விசிறி வெளியே தள்ளும் சூடான காற்றை ஒரு தகரப் பெட்டி கட்டி ஃபில்டர் மேல் திருப்பிவிடலாம். புகைக்குழாயோடு ஃபில்டரைச் சேர்த்துக் கட்டும் யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். எண்ணெயின் தீப்பற்றும் நிலை 200 டிகிரிக்கு மேல் என்ற தைரியம் எரிபொருள் குழாயில் எண்ணெய் மட்டும் ஓடும் வரைக்கும்தான். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு வருவதால் அதே எஞ்சினில் டீசலும் ஓடுகிறதே.

இதையொட்டியே இன்னொன்று: டீசலுக்கும் எண்ணெய்க்கும் ஒரே ஃபில்டரைப் பொதுவாக வைத்தால் கஷ்டம் இரண்டு பக்கமும். எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றி வால்வைத் திருப்பினாலும் ஃபில்டருக்குள் நிற்கும் ஒரு லிட்டர் எண்ணெய் தீரும் வரை எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேராது. அதற்குள் ஆளுக்குப் பொறுமை போய் எஞ்சினை நிறுத்திவிடுவான். மறுநாள் காலை பம்பும் நாசிலும் கட்டி. டீசலுக்குப் பழைய ஃபில்டர் அப்படியே இருக்கட்டும். எண்ணெய்க்குத் தனி ஃபில்டர். இரண்டும் சேரும் வால்வு இஞ்செக்‌ஷன் பம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில்.

மின் ஹீட்டரை நான் ஒதுக்கவில்லை. காலையில் எஞ்சின் சூடேறும் முன் ஃபில்டரை இளக்க, வெளியே சுற்றிக் கட்டும் பட்டை ஹீட்டர் நல்லது. ஃபில்டருக்குள்ளேயே கம்பி நுழைந்து எண்ணெயில் மூழ்கி நிற்கும் வகையில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. கட்டியாக இருக்கும் எண்ணெய் நகராது. கம்பியை ஒட்டிய எண்ணெய் மட்டும் வெந்து கருகி, கம்பி மேல் பிசினாகப் படியும். தானே வெப்பத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பி.டி.சி. வகை ஹீட்டர் என்றால் இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் தனி ரிலே, தனி ஃபியூஸ். 12 வோல்ட்டில் 150 வாட் என்றால் 12 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதை ஸ்விட்ச் வழியாக நேரே இழுத்துவிட்டு, ஸ்விட்ச் உருகிப் போச்சு என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிட்டர்ன் குழாயைப் பற்றி ஃபில்டர் விற்பவர் யாரும் பேசுவதில்லை. ஃபீட் பம்ப் எஞ்சின் எரிப்பதைவிடப் பல மடங்கு எண்ணெயை இழுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த மிச்சம் டேங்க்குக்குப் போனால் ஃபில்டர் சூடேற்ற வேண்டிய எண்ணெயும் அத்தனை மடங்கு. எவ்வளவு பெரிய ஹீட்டர் வாங்கினாலும் பற்றாது. ரிட்டர்னை ஃபில்டருக்குப் பின்னால், பம்பின் உறிஞ்சு பக்கத்திலேயே சேர்த்து வளையமாக்கினால் சூடான எண்ணெயே சுற்றிக்கொண்டிருக்கும். காற்று புகுந்தால் வளையத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பது இதன் குறை. அதற்கு மேடான இடத்தில் ஏர் எடுக்கும் ஒரு திருகு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த எலிமென்ட் என்பதில் என் கட்சி பழைய கட்சி. இன்றைய பாஷ், அன்றைய மைக்கோ. அவர்களுடைய இரட்டை ஃபில்டர் டிராக்டரிலும் ஜீப்பிலும் லாரியிலும் பார்த்திருப்பீர்கள். முதல் குப்பியில் துணி அல்லது ஃபெல்ட், இரண்டாவதில் காகிதம். அந்த எலிமென்ட் பொள்ளாச்சியிலும் கிடைக்கும், நெடுங்கண்டத்திலும் கிடைக்கும். வெளிநாட்டு ஃபில்டர் தலை எவ்வளவு அழகாக இருந்தாலும், எலிமென்ட்டுக்குக் கூரியரை எதிர்பார்த்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை இருட்டில் போட முடியாது. உள்ளூர்த் தலையை ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, வெளியே தண்ணீர் ஓடும் உறை ஒன்று வெல்டு செய்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை: தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கக்கூடிய எந்த ஜாயின்ட்டும் ஃபில்டருக்குள் இருக்கக்கூடாது. உள்ளே கசிந்தால் தண்ணீர் நேராக இஞ்செக்‌ஷன் பம்புக்குப் போகும். வெளியே கசிந்தால் தரையில் சொட்டும், கண்ணில் படும்.

செம்புக் குழாயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நன்றாக வளையும், சூட்டை நன்றாகக் கடத்தும், எல்லாம் சரி. ஆனால் சூடான எண்ணெயைச் செம்பு சீக்கிரம் கெடுத்துப் பிசினாக்கும். தேங்காய் எண்ணெய் இதை ஓரளவு தாங்கும், அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு பூரிதக் கொழுப்பு. தொடுபுழைப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் விதை எண்ணெயை ஊற்றலாமா என்று கேட்டார். அது பெயின்ட்டுக்கு ஊற்றும் எண்ணெய்களின் ஜாதி, காற்றும் சூடும் பட்டால் இறுகும். கோழிக்கோடு என்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2005இல் ரப்பர் விதை எண்ணெயைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் அதை அப்படியே ஊற்றவில்லை. அமிலத்தன்மை அதிகம் என்பதால் இரண்டு கட்டமாகப் பயோடீசலாக மாற்றினார்கள். அந்த எண்ணெய்க்கு எந்தச் சூடான ஃபில்டரும் மருந்தில்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் டேங்க்கும் வேண்டாம், எண்ணெயின் அமிலம் அதோடு சேர்ந்து சோப்பு போலப் படிந்து ஃபில்டரை அடைக்கும். இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் போதும். வாஷருக்கும் ஓ-ரிங்குக்கும் விட்டான் ரப்பர் கேளுங்கள். அடியில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குப்பி டீசலுக்குச் சரி, 80 டிகிரி எண்ணெய்க்கு நாளடைவில் மஞ்சளாகி விரிசல் விடும்.

எங்களுக்கு எண்ணெய் வந்தது பெரும்பாலும் பாலக்காட்டு நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடைகளிலிருந்து. வறுத்து முடித்த தேங்காய் எண்ணெய். 2018 ஜூலை முதல், வறுத்த எண்ணெயில் மொத்தத் துருவப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணெய் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். மற்ற ஊர் ஹோட்டல் எண்ணெயில் இல்லாத ஒரு வம்பு சிப்ஸ் எண்ணெயில் உண்டு. வறுக்கும்போது கொதிக்கிற எண்ணெயில் உப்பு மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தெளிப்பார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு எண்ணெயில் கரையாது, பொடிப் பொடியாக மிதந்து அடியில் தங்கும். ஃபில்டர் காகிதத்தில் அது பிடிபடும், ஆனால் துளி ஈரம் சேர்ந்தால் கரைந்து தப்பித்துப் பம்பின் எஃகை அரிக்கும். இதை எஞ்சினில் இருக்கும் ஃபில்டரிடம் விடக்கூடாது. எண்ணெயை வெயிலில் டிரம்மில் ஒரு வாரம் தெளியவிட்டு, அடி மண்டியை எடுக்காமல் மேலே இருந்து இறைத்து, 5 மைக்ரான் பையில் சூடாக வடித்துவிட்டே டேங்க்குக்குள் விட வேண்டும். காய்ந்த சட்டியில் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். சடசடத்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இப்படித் தெளிந்து வந்த எண்ணெய்க்கு எஞ்சினில் 10 முதல் 30 மைக்ரான் ஃபில்டரே தாராளம். அங்கே 2 மைக்ரான் போடுவது கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும். தடித்த எண்ணெயை அதன் வழியாக இழுக்க ஃபீட் பம்ப் திணறும், உறிஞ்சு பக்கம் எங்காவது காற்றை இழுக்கும்.

ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒரு வேக்குவம் கேஜ் வைக்கச் சொல்வேன். சில நூறு ரூபாய்ச் செலவு. எஞ்சின் சக்தி குறைந்தால் அடைப்பா, குளிரா என்று ஊகிக்க வேண்டியதில்லை. சூடேறச் சூடேற முள் இறங்கினால் குளிர். சூடான பிறகும் முள் ஏறியே நின்றால் எலிமென்ட் மாற்றும் காலம். முள் அசையவே இல்லை, ஆனால் எஞ்சின் விக்குகிறது என்றால் காற்று. எங்கள் மில்லில் வேலை பார்க்கும் பெரியவர் கேஜைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது நாடி பாக்கற மாதிரியில்லீங்க” என்றார். அதற்குப் பிறகு ஃபில்டர் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டேன்.

எந்த எஞ்சினுக்கும் இதைச் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். வரிசைப் பம்பு உள்ள பழைய எஞ்சின், அதிலும் முன்னறை எரிப்பு உள்ளது, நிறையப் பொறுத்துக்கொள்ளும். சுழல் வகைப் பம்பு எண்ணெயாலேயே உயவு பெறுவது. குளிர்ந்த தடித்த எண்ணெயை அதில் சுற்றவிட்டால் உள்ளே உடைந்தே போகும். காமன் ரெயில் எஞ்சினைத் தொடவே கூடாது. எதிலானாலும் எஞ்சின் ஆயிலை வழக்கமான காலத்தில் பாதியிலேயே மாற்றுங்கள், எரியாத எண்ணெய் ரிங் வழியே கீழே இறங்கி அதைத் தடிக்க வைக்கும்.

ஜீப்பில் செய்யலாமா என்று இடுக்கிப் பக்கத்தில் எல்லாரும் கேட்பார்கள். தேனி ஜில்லாவிலிருந்து தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் பழைய எஞ்சின்கள் ஏராளம். எஞ்சினைப் பொறுத்தவரை அவை தோதானவைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியின் தயாரிப்பு விவரத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் இதை மேலும் இறுக்கியது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு நான் யோசனை சொல்வதில்லை.

காசுக் கணக்கும் மாறிவிட்டது. 2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. டீசல் அப்போது 100 ரூபாய்க்குள். புது எண்ணெயை எஞ்சினில் ஊற்றுவது கிறுக்குத்தனம். சிப்ஸ் கடைக்காரர்களும் கடைசிச் சொட்டு வரை வறுத்துவிட்டுத்தான் தருகிறார்கள், அப்படி வருவது மிகக் கறுத்த, அமிலம் ஏறிய எண்ணெய். மில்லில் ஜெனரேட்டர் இப்போது டீசலில் ஓடுகிறது. சாந்தன்பாறையில் மச்சினன் மூணாறு ரிசார்ட்டுகளின் பாமோலினுக்கு மாறியிருக்கிறான். அது தேங்காய் எண்ணெயைப் போல 24 டிகிரியில் கட்டாது, ஆனாலும் மார்கழியில் மேகம் போலக் கலங்கி, மெழுகுப் பொடியாக எலிமென்ட்டில் படிகிறது. அதனால் டேங்க் சுருளையும் பட்டை ஹீட்டரையும் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டை மட்டும் 30 டிகிரியில் எரியும்படி வைத்திருக்கிறோம்.